கம்பெனிக் காரில் வந்த இன்ஸ்பெக்டர்

இறால் கம்பெனியின் பின்கதவு காலையிலேயே விரியத் திறந்து கிடந்தது. அங்கே இறால் உரிக்கும் தேவமணிக்குப் புரிந்துவிட்டது.

“ஏளா கிருபை, இன்னைக்கு பாக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு.”

“ஒனக்கு எப்படிக்கா தெரியும்?”

“கம்பெனி காரு காலங்காத்தால போச்சுல்லா. அவருக்கு ஜீப் கிடையாது. நம்ம மேனேஜருக்கே போன் போட்டு காரு அனுப்பச் சொல்லுவாரு. களவாணியைப் பிடிக்க அவன்கிட்டயே சைக்கிள் இரவல் கேக்குத மாதிரி.”

கிருபை சிரிக்கவில்லை. போன வாரம் ஐஸ் அறைக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, இந்தக் கதவில் மோதித்தான் அவள் மயங்கிச் சரிந்தாள். பெண்கள் இறாலைத் திருடுவார்களாம். அதனால் வெளியே பூட்டு. சாவி மேனேஜர் பொன்னுதுரையின் இடுப்பில். அவர் ஆடி அசைந்து வந்து திறப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. குழாயை இன்னும் மாற்றவில்லை. அடுத்த கசிவுக்குள் அந்தப் பூட்டு ஒழிந்தாக வேண்டும்.

கம்பெனி அம்பாசிடர் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் அனந்தபத்மநாபன் இறங்கி இளநீர் குடித்தார். பின்கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். “நல்லாத்தானே திறக்குது” என்றார்.

“நீங்க போனதும் பூட்டிருவாங்க சார்வாள்” என்றாள் தேவமணி. “அடுத்த மட்டம் சொல்லாம வாங்க.”

“எப்படிம்மா வர்றது? நாலு பேர் இருக்க வேண்டிய ஆபீஸ். மூணு நாற்காலி காலி. ஆள் போடச் சொல்லி எழுதி எழுதி அலுத்துட்டேன். மில்லு, தீப்பெட்டி, இறாலு எல்லாத்துக்கும் நான் ஒருத்தன்.”

“அந்தக் காலி நாற்காலியே தேவல. அதுக கம்பெனி காருல ஏறாதுல்லா.”

“வாயைக் குறைளா” என்றார் பொன்னுதுரை. “சார் வாங்க, சாப்பாடு ஆறிப்போவும்.”

இருவரும் ஆபீஸ் அறைக்குள் போனார்கள். ரசத்தின் வாசனை வந்தது.

தேவமணி கதவைப் பார்த்தாள். பூட்டியிருந்தால் அசைக்க முடியாது. திறந்திருந்தால் தூக்கிய தூக்கில் கீலை விட்டுக் கழன்று வந்துவிடும். அந்த மனிதர் சாப்பிட்டு முடிக்கும்வரை பூட்ட எவனுக்கும் தைரியம் வராது.

“நாலு பேரு வாங்களா” என்றாள்.

இன்ஸ்பெக்டர் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, கதவு அம்பாசிடரின் தலைமேல் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. டிரைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னம்மா இது?”

“ஒத்தையில அலையுதீங்க. துணைக்கு ஒரு ஆள்.”

பொன்னுதுரைக்கு முகம் கறுத்தது. “எறக்குங்களா அதை.”

“எறக்குதோம் அண்ணாச்சி. இதை மாட்டிப் பூட்டலாம்னு சார்வாள் வாயால சொல்லட்டும்.”

இறால் நாற்றத்தோடு அத்தனை பெண்களும் காரைச் சுற்றி நின்றார்கள். இன்ஸ்பெக்டர் பொன்னுதுரையைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். திரும்பிப் போக ரோட்டில் பஸ் ஏதும் வரவில்லை.

“அந்த வாசலுக்குக் கதவே வேண்டாம், மிஸ்டர் பொன்னுதுரை” என்று முணுமுணுத்துவிட்டுக் குனிந்து காருக்குள் ஏறிக்கொண்டார்.

கதவைச் சுமந்தபடி கார் கிளம்பியது. உள்ளே வெயில் நேராக விழுந்தது. கிருபை தான் உட்கார்ந்து இறால் உரிக்கும் பலகையை இழுத்து அந்த வாசலோரம் போட்டுக்கொண்டாள்.