தந்திக்கு அடியில் ஓர் அட்டை

கிட்டாரை இலவசமாகக் கொடுப்பதாக சேனாபதி வாட்ஸ்அப் குழுவில் போட்டு அரை மணி ஆகவில்லை, அடுத்த தெரு சபரிநாதன் வந்து நின்றான். கலிபோர்னியாவின் சான் ரமோனில் ஓசிச் சாமான் அவ்வளவு நேரம்கூடத் தாங்காது.

சுருதி சேர்த்து, ஒரு விரலால் பல தந்திகளை அழுத்தும் எஃப் கோர்டைப் பிடித்துப் பார்த்து, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளைக் குனிந்து பார்த்து முகம் சுளித்தான்.

"என்ன சார், முதல் ஃப்ரெட்டுக்கு மேல தந்தி இவ்ளோ உயரத்துல நிக்குது? நடுவுல லாரியே போகும் போலிருக்கே! யாரு வாசிச்சது?"

"எம் பொண்ணு யாமினிங்க. தொட்டுப் பத்து வருசமாச்சு. இப்ப ஆஸ்டின்ல வேலை."

"பாவம், விரல் புண்ணாயிருக்குமே!"

தந்திகளைத் தளர்த்தி, கழுத்தின் நுனியில் அவற்றைத் தாங்கும் வெள்ளைக் கட்டையை, நட் என்பார்களே அதை, சபரி மெல்லத் தட்டிக் கழற்றினான். அடியிலிருந்து பிளாஸ்டிக் துண்டு ஒன்று விழுந்தது. சேனாபதியின் பழைய ஜிம் அட்டை.

யாமினிக்குப் பதின்மூன்று வயது அப்போது. ஒரு தந்தி கரகரத்தது. நட்டில் பள்ளம் தேய்ந்து தந்தி தாழ்ந்துவிட்டதைச் சேனாபதியே கண்டுபிடித்து, அட்டையை வெட்டி அடியில் கொடுத்து உயர்த்தினார். கரகரப்பு போயிற்று. எஞ்சினியர் வீட்டுக்கு மெக்கானிக் எதற்கு என்று இரண்டு நாள் பெருமை வேறு. அதற்குப் பிறகுதான், "விரல் வலிக்குதுப்பா, எஃப் வரவே மாட்டேங்குது" என்று அவள் அழ ஆரம்பித்தாள். அழுத்தினால் சுருதி ஏறிப் பிசிறடித்தது. அவர் சுருதி பார்க்கும் ட்யூனரைக் காட்டினார். "தந்தியெல்லாம் கரெக்டா இருக்குது. உனக்குத்தான் சோம்பல்." ஒரே மாதத்தில் கிட்டார் பெட்டிக்குள் போயிற்று.

"யார் சார் இதை வெச்சது?"

"கடைக்காரன் வெச்சிருப்பானுங்க." வாய் முந்திக்கொண்டது.

சபரி ஒரு காகிதத் துண்டை மட்டும் அடியில் வைத்து நட்டைப் பொருத்தினான். மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் மயிரிழை இடைவெளி தெரிகிறதா என்று குனிந்து பார்த்தான். பிறகு எஃப் வாசித்தான். மணி மணியாக வந்தது.

"பத்து நிமிஷ வேலை. பொண்ணுக்கே வெச்சுக்கங்களேன் சார்."

"அவளுக்கு இதெல்லாம் வராதுங்க. எடுத்துட்டுப் போங்க."

கதவு சாத்தியதும் சமையலறையிலிருந்து வந்த மனைவி சாந்தாமணி, கீழே கிடந்த அட்டைத் துண்டை எடுத்துப் பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்க, அந்தக் கடைக்காரன் எப்பங்க உங்க ஜிம்முல சேர்ந்தான்?"

சேனாபதி யாமினியை ஃபோனில் கூப்பிட்டார். ஒன்று விடாமல் சொன்னார். "தப்பு எம்மேலதான் கண்ணு."

"நிஜமாவா ப்பா? ஐ தாட் இட் வாஸ் மீ. காலேஜ்ல ரூம்மேட் கிட்டார் குடுத்தா. எனக்கு வராதுன்னு தொடவேயில்ல. நெக்ஸ்ட் வீக் வரேன்ல, கேன் ஐ ட்ரை இட்?"

"இப்பத்தான் சாமி, ஒருத்தருக்குக் குடுத்தேன். திருப்பிக் கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?"

"வேணாம்ப்பா. லெட் ஹிம் ப்ளே. இட்ஸ் ஓகே."

அன்று பெட்டியை மூடியபோதும் அவள் இந்த "இட்ஸ் ஓகே"யைத்தான், இதே குரலில்தான் சொன்னாள்.