தேசம்மாவின் வீட்டுப் படம்

அய்யாதுரைக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. திசையன்விளையிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்து நாலைந்து மாதம் ஆகியும், வகுப்பில் உட்கார்ந்தால் மனசு மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றும்; குளத்தங்கரைக்குப் போனாலோ ராயப்பேட்டைச் சந்துகளுக்குப் பறக்கும். தாய்மாமன் ராஜரத்தினத்துக்குத் தி. நகரில் பாத்திரக்கடை. கடையின் பின்கட்டில், அண்டா குண்டான்களுக்கு நடுவே பாயை விரித்து, அதுதான் உன் இடம் என்று சொல்லியிருந்தார். அந்த இடத்தில் அவன் இருந்த நேரத்தை விட வெளியே அலைந்த நேரமே அதிகம்.

போதாக்குறைக்குக் கையில் ஒரு கேமராவும் வந்து சேர்ந்தது. அடகுக்கடைச் சேட்டு, மீட்க ஆள் வராத பெட்டிக் கேமரா ஒன்றை மாமாவின் தலையில் கட்டினார். மாமா அதை மருமகன் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. இந்தப் பழைய ஊரை ஒரு மூலை விடாமல் படம் எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

ஊர் அதற்கு ஒத்துழைக்க வேண்டாமா? கோபுரமும் மண்டபமும் பேசாமல் நின்றன, மனிதர்கள்தான் நிற்கவில்லை. மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மாமி, "யாருடாப்பா நீ? ஆத்து வாசல்ல நின்னுண்டு பொம்மனாட்டிகளைப் படம் பிடிக்கறே!" என்று கத்தி, தெருவையே கூட்டிவிட்டாள். ராயப்பேட்டை மார்க்கெட்டில் ஒரு கறிக்கடைக்காரர் வாளித் தண்ணீரை அவன் மேலேயே வீசினார். மாட வீதிக் கதை எப்படியோ பாத்திரக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

"ஏலே, இன்னொரு தடவ எவனாவது உன்னப் பத்திப் புகார்னு கடை வாசல்ல வந்து நின்னாம்னு வச்சிக்கோ," என்றார் மாமா, "காலேஜும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வந்து எவர்சில்வர் தொடச்சிக்கிட்டு உக்காரு."

மாமா சொன்னால் செய்துவிடுவார். இரண்டு வாரம் அய்யாதுரை பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தான். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கால் அரித்தது. அடையாறில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாதி கட்டி நின்ற பெசன்ட் நகர் வீடுகளைத் தாண்டி, கடலோரத்து ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குள் நுழைந்தான். வழியில் கண்டதையெல்லாம் எடுத்துத் தள்ளியதில் பிலிம் சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருந்தது.

சந்துக்குள் கால் வைத்ததுமே ஒரு சத்தம் கிளம்பியது. வழக்கமான வசவு என்று நினைத்துக் கேமராவைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தான். வசவு இல்லை. "போட்டோக்காரரு வந்துட்டாரு!" என்று கூவிக்கொண்டு பெண்கள் குடிசைக்குள் ஓடினார்கள், முகம் கழுவி, நல்ல புடவை சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தவள் தேசம்மா. முப்பது வயது இருக்கும். தலையில் கூடை வைத்து மீன் விற்கிறவள். "வூட்டுக்குப் படம் எடுக்க வந்த கவர்மென்ட் ஆளு நீதான நைனா?" என்றாள்.

அவளே விவரமும் சொன்னாள். போன மாதம் இரண்டு பேர் வந்து குடிசைக் கதவுகளில் தாரால் நம்பர் எழுதிவிட்டுப் போனார்களாம். குடிசைக்குப் பதில் கல்வீடு கட்டித் தரப் போகிறார்களாம். படம் எடுக்க ஆள் வரும்போது குடும்பம் மொத்தமும் நம்பரை எழுதிப் பிடித்துக்கொண்டு குடிசை முன்னால் நிற்க வேண்டும். படத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் வீடு.

அய்யாதுரை 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தான். ஆனால் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவனைக் கண்டு இப்படி முகம் மலர்ந்ததில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது. தலை மட்டும் ஆமாம் என்று ஆடியது.

"எங்க வூட்ட மொதல்ல எடு," "எங்களுக்கு எடு," என்று நாலு பக்கமும் கை பிடித்து இழுத்தார்கள்.

"இன்னைக்கு ஒரு படந்தான் இருக்கு. மத்தவங்களுக்குப் பொறவு வந்து எடுக்கேன்," என்றான். பொய் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்ததில் அவனுக்கே ஆச்சரியம்.

அந்த ஒரு படம் தேசம்மாவுக்குக் கிடைத்தது. அவளோடு சண்டை போட்டு ஜெயிக்க அந்தச் சந்தில் ஆள் இல்லை. அவள் புருஷன் சுப்பராயன் அப்போது கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். கரையிலிருந்து அவனைக் கூப்பிட்டாள்.

"நெத்திலி வந்துகினு கீது, எல்லாரும் போறான். இப்பப் போயி படம் எடுக்கச் சொல்றியே," என்று முணுமுணுத்தபடி வந்து, ஈரக் கையால் தலையை வாரிக்கொண்டு நின்றான். மூன்று பிள்ளைகளும் வந்தன. கடைசிப் பெண்ணைத் தேசம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு, மறு கையில் சிலேட்டைப் பிடித்தாள். அதில் சுண்ணக்கட்டியால் அவர்கள் வீட்டு நம்பர்.

அய்யாதுரை கேமராவுக்குள் பார்த்தான். கடல் வெளிச்சம் அத்தனை முகங்களிலும் ஒன்றாக விழுந்திருந்தது. இடைஞ்சல் அந்தச் சிலேட்டு ஒன்றுதான்.

"அக்கா, அதக் கீழ வையுங்க. பாப்பா மொகத்த மறைக்கு."

"நம்பர் வாணாமா?"

"அத நான் எழுதிக்கிடுதேன்."

சிலேட்டு கீழே இறங்கியது. படம் எடுத்தான்.

ராயப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஷாஹுல் ஹமீது சுருளைக் கழுவிப் பார்த்துவிட்டு, அந்தக் கடைசிப் படத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். "தம்பி, நீ பாத்திரம் விக்கப் பொறந்தவன் இல்ல. இத நானே பெருசாப் போட்டுத் தரேன்," என்றார். அய்யாதுரைக்குத் தலைகால் புரியவில்லை. நடுநடுவே குப்பத்தில் சொன்ன பொய் உறுத்தத்தான் செய்தது. படம் எடுத்ததில் யாருக்கு என்ன நஷ்டம், ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

பிரதி கைக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை போனான். தேசம்மா வாசலில் நின்றாள். அவனைக் கண்டதும், "வந்துட்டான்யா! சொன்னேன்ல, வருவான்னு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். சுப்பராயன் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தான். கடலுக்குப் போகிற உடுப்பு இல்லை அது.

"நீ எடுத்தத ஆபீசுல குடுக்கலியா நைனா?" என்று கேட்டாள் தேசம்மா. "போன வாரம் வேற ஆளுங்க வந்து எல்லா வூட்டையும் எடுத்தாங்க. பக்கத்து வூட்டுக்காரி வசந்தி, நில்லு நில்லுன்னா. எங்களுக்கு அப்பவே எடுத்தாச்சுடின்னு சொல்ட்டு நான் கூடையத் தூக்கிக்கினு பூட்டேன். இவரு கடலுக்குப் பூட்டாரு. வந்து பாத்தா, கதவுல பெருக்கல் போட்டு வெச்சிக்கிறாங்க. ஆள் இல்லாத வூடாம்."

அய்யாதுரை கதவைப் பார்த்தான். தார் நம்பரின் மேல் சுண்ணாம்பில் பெரிய பெருக்கல் குறி. அடுத்த கதவில் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. அன்றைக்கு முட்டி மோதிப் படம் கிடைக்காமல் போனவர்களுக்கெல்லாம் வீடு உண்டு. கிடைத்தவளுக்கு இல்லை.

"ஆபீசுக்குத்தான் கெளம்பினோம்," என்றான் சுப்பராயன். "நல்ல நேரத்துல வந்தே. நீயும் வந்து சொல்லிடு."

"அண்ணே, நான் கவர்மென்ட் ஆளு இல்ல. காலேஜ்ல படிக்கேன்," என்றான் அய்யாதுரை.

"அப்ப இன்னாத்துக்கு எடுத்தே?" என்று சுப்பராயன் கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது மாதிரி இருந்தது. அய்யாதுரை கையிலிருந்த காகிதத்தைப் பிரித்துப் படத்தை நீட்டினான்.

தேசம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் கீது. நம்பர் இல்லாத படத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? உனக்குன்னு எடுத்துக்கினது, நீயே வெச்சிக்கோ." அவள் குரல் உயரவே இல்லை. "எங்ககூட வா, அது போதும். உன் பேச்ச நம்பித்தான் வூட்டப் பூட்டிக்கினு போனோம்னு அந்த ஆபீசர்கிட்ட ஒரு வார்த்த சொல்லு."

ஒரு வார்த்தைதான். ஆனால் அரசாங்க ஆள் என்று ஏமாற்றினேன் என்று அரசாங்க ஆளிடமே போய்ச் சொல்வதா? யார் வீட்டுப் பையன் என்று கேட்பார்கள். பாத்திரக்கடை வரைக்கும் சேதி போகும். காலேஜ் அன்றோடு சரி.

"எனக்கு இன்னைக்குப் பரீட்சை இருக்கு," என்றான்.

சுப்பராயன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். வலை இழுக்கிற கை, உதறினாலும் வராது.

"வுடுய்யா," என்றாள் தேசம்மா. "வாய்ல வராதத இஸ்து வெளிய போட முடியுமா? வுடு, போட்டும்."

கை விலகியது. அய்யாதுரை நடந்தான், கொஞ்சத் தூரம் போனதும் ஓடினான். கூப்பிடுவார்கள் என்று காது பின்னாலேயே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றான். ஒரு பஸ்ஸை விட்டான். திரும்பிப் போய்விடலாம் என்று பத்தடி நடந்தான், திரும்ப வந்தான். தன்மேல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்த பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

அடையாறு போகிற வழியில், நிழல் இல்லாத ஓரத்தில் அவர்கள் இருவரும் ஆபீசுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தேசம்மாவின் தலையில் அன்றைக்குக் கூடை இல்லை. பஸ் அவர்களை நெருங்கியபோது அய்யாதுரை குனிந்து, அறுந்து போகாத செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தான்.