உதட்டுக்குச் சரியாக

தன் கட்டிலின் மெத்தையை இழுத்து வந்து அம்மாவின் அறை ஜன்னலோடு சாய்த்து நிறுத்தினாள் மகள். தெருச் சத்தம் பாதி அடங்கியது. மீதியை அடக்கத் தலையணைகளை அடுக்கினார் ஒலிப்பதிவாளர். கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவின் முன்னால் மைக்கையும் லேப்டாப்பையும் வைத்தார்.

அம்மா இருபத்திரண்டு வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார். லேசுப்பட்ட மாமியார் இல்லை. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத பெண்கள் வழிமறித்து, "அந்தப் பொண்ணை ஏங்க இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். "அடுத்த வாரம் பாருங்க, இன்னும் இருக்கு" என்று சிரித்துவிட்டு வருவாள். இப்போதைய தொடரில் அவள் நடிக்க வேண்டியதெல்லாம் நடித்தாயிற்று. ஏழு காட்சிகளுக்குக் குரல் மட்டும் பாக்கி. இனி நாள் கணக்குதான் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"வேற யாராவது பேசட்டுமேம்மா. இருக்கிற மூச்சுல என்கிட்ட நாலு வார்த்தை பேசக் கூடாதா?"

"என் வாய்க்கு வேற எவளும் பேசினதில்லடி."

மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மிச்சமிருக்கும் கொஞ்சம் பேச்சையும் யாரோ ஒரு மருமகளைத் திட்டியே தீர்க்கப் போகிறாள். பெற்ற மகள் பக்கத்திலேயே நிற்கிறாள்.

ஆனால் லேப்டாப்பில் காட்சி ஓடத் தொடங்கியது. தம்ளரைப் பிடிக்கத் தெம்பில்லாத அம்மா, திரையில் உதடு பிரிந்த அதே நொடியில் கணீரென்று எகிறினாள். ஒரே டேக். பிறகு கண்ணை மூடி ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினாள். விரலை அசைத்தாள். அடுத்த வரி.

மூன்றாம் நாள் காலை, ஏழாவது காட்சியின் கடைசி வரிக்கு முன் அப்படித்தான் கண்ணை மூடினாள். ஒலிப்பதிவாளர் ஐந்து நிமிடம் காத்திருந்தார். பத்து நிமிடம் காத்திருந்தார். பிறகு மைக்கை அணைத்தார்.

எல்லாம் முடிந்து, சாமான்களை எடுத்துப்போக அவர் வந்தபோதும் மெத்தை ஜன்னலோடுதான் நின்றது.

"அந்த ஒரு வரியைப் பேச வேற ஆளுக்குச் சொல்லியிருக்காங்கம்மா."

"நான் பேசுறேண்ணே."

அவர் யோசித்தார். "குரல் ஒத்துவரும். போன்ல எத்தனை தடவை ஏமாந்திருக்கேன். ஆனா அம்மாவோட உதட்டைப் பிடிக்கிறது கஷ்டம்."

மனம் இளகிய மாமியார் மருமகளிடம் சொல்லும் ஆறே சொற்கள். மகள் பதினோரு முறை பேசினாள். ஒருமுறை முந்தியது, ஒருமுறை இழுத்தது. தொண்டை வறண்டது. சாகக் கிடந்தவள் இதைத்தானே வரிக்கு ஒரே டேக்கில் செய்தாள் என்று நினைத்தாள். அம்மாவை நினைக்கப் பிரமிப்பாக இருந்தது.

"உதட்டையே பாக்காதீங்கம்மா. பேசுறதுக்கு முன்னாடி அம்மா மூக்கால ஒரு மூச்சு இழுப்பாங்க. அதைப் பிடிங்க."

மறுபடி ஓடவிட்டார். திரையில் அம்மா நிமிர்ந்தாள். மூக்கு லேசாக விடைத்தது, தோள் உயர்ந்தது. மகளும் மூச்சை இழுத்தாள்.

"முதல்ல மூஞ்சியைக் கழுவிட்டு வா. அப்புறம் பேசலாம்."

"சேந்துடுச்சும்மா. ஓகே," என்றார் ஒலிப்பதிவாளர்.

மகள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"இன்னொரு தடவை ஓட்டுங்கண்ணே."