ஒருத்தி போக, ஒருத்தி நிற்க

மிளகாய் அரவை இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகும் முத்துமீனா எதிரே நிற்கும் ஜெயக்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கட்டிய துணிக்கு மேல் ஜெயக்கொடியின் கண்கள் மட்டும் சிவந்து தெரிந்தன. கப்பலூர் ஆலையில் பல வருடமாக இருவரும் இப்படி எதிரெதிரே நின்றுதான் வேலை செய்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விளாங்குடி ஜெபவீட்டில் பாஸ்டர் வெள்ளைத்துரை கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசியிருந்தார். சேர்ந்து மாவரைக்கும் இரண்டு பெண்களில் ஒருத்தியைக் கர்த்தர் எடுத்துக்கொள்வார், மற்றவளை விட்டுவிடுவார் என்ற தீர்க்கதரிசனம். "ஒங்க பக்கத்துல நிக்கிறவங்க கைவிடப்படப் போறாங்க. இப்பவே அவங்ககிட்ட சொல்லிருங்க" என்றார். ஜெயக்கொடி ஜெபவீட்டுக்கு வருகிறவள் இல்லை. அன்றிலிருந்து முத்துமீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் அசோக்குமார் குடித்துவிட்டு அடித்த நாட்களில் அவள் போய்ப் படுத்துக்கொண்டது ஜெயக்கொடி வீட்டில்தான். பிறகு அந்தக் குடியை நிறுத்தியது இதே ஜெபவீடு. பாஸ்டர் சொல்லைத் தள்ளவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"என்னடி, காலைலருந்து என்னையவே பாக்குற?" என்று சாப்பாட்டு நேரத்தில் ஜெயக்கொடி கேட்டாள்.

முத்துமீனா மறைக்காமல் சொன்னாள். ஜெயக்கொடி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"நீ போயிட்டா நான் ஒத்தையில எப்புடி அரைக்கிறது?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் வழக்கம்போல் தன் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்து இவளுக்கு வைக்கவில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது முத்துமீனாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. நம்மை எடுத்துக்கொள்வார் என்று கேட்டவுடன் உள்ளுக்குள் ஒருத்தி சந்தோஷப்பட்டாளே, அவள் யார்? ஜெயக்கொடியை நினைத்துச் சோறு இறங்காமல் கிடக்கிறவள் யார்? இருவரும் தனக்குள்தான் ஓயாமல் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். கர்த்தர் வானத்திலிருந்து இறங்கி வரப்போவதில்லை, இந்த இருவரில் ஒருத்தியை எடுக்க இவர்கள் நடுவில்தான் வருவார் என்று பட்டது. அந்த எண்ணம் அவளை உட்காரவும் விடவில்லை, தூங்கவும் விடவில்லை.

புதன்கிழமை மாலை ஜெபவீட்டுக் கூட்டத்தில், ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில், அவளும் எழுந்து அதையே சொன்னாள். "அந்த ரெண்டு பொம்பளைகளும் எனக்குள்ளதான் இருக்காங்க பாஸ்டர். ஜெயக்கொடிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

பாஸ்டர் கோபப்படவில்லை. "வசனத்த நம்ம இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது சகோதரி. கொஞ்ச நாளைக்குச் சாட்சி சொல்லாம உக்காந்து கேளுங்க" என்றார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அசோக்குமார் தலை நிமிரவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு முன்னால் நடந்தான்.

"ஏங்க, நான் தப்பா சொல்லிட்டேனா?"

திண்டுக்கல் ரோட்டைக் கடக்கும் இடத்தில் அவன் நின்றான். "ஆம்பளைங்க ரெண்டு பேரப் பத்தியும் அதே வசனத்துல வருதுல்ல, வயக்காட்டுல நிக்கிறவங்கள்ல ஒருத்தன எடுத்துக்கிட்டு ஒருத்தன விட்டுருவாருன்னு?"

"ஆமா."

"எனக்குள்ள ஒருத்தன் தெனமும் ஒயின்ஷாப்பு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாரான். வெளிய இருக்க சாத்தான்னு நெனச்சு இம்புட்டு நாளும் அவன வெரட்டிக்கிட்டு இருந்தேன். அவனும் நான்தான்னா, நான் எதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது மீனா?"

முத்துமீனா அவன் கையைப் பிடித்தாள். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ரோடு காலியானது. இருவரும் கால் எடுத்து வைக்காமல் ரோட்டோரத்திலேயே நின்றார்கள். அடுத்த லாரியின் வெளிச்சம் அவர்கள்மேல் ஏறி வந்தது.