இறுக்கு என்றுதான் கேட்டது

1

இப்படி ஒரு கதை எழுத எனக்கு உத்தேசமே இல்லை. முதலாளி கேட்டது ஒரே ஒரு பக்கம். மரத்தில் பெயர்ப்பலகை வெட்டும்போது விளிம்பு வழவழப்பாக வர என்னென்ன செய்ய வேண்டும் என்று உங்கள் மொழியில் எழுதிக் கொடு, புதிதாக வருகிறவர்களுக்காக மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டலாம் என்றார். இந்தப் பட்டறையில் என் பலகைகளின் விளிம்புதான் வழவழப்பாம். அதோடு, சாப்பாட்டு நேரத்தில் நான் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து எல்லோரும் எனக்கு 'ரைட்டர்' என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

எழுத உட்கார்ந்தேன். 'ஒன்று: மெஷினைக் காதால் கேளுங்கள்.'

அதற்கு மேல் பேனா நகரவில்லை. வாசகரே, கை வியர்த்துத் தாளே நனைந்துவிட்டது. (மிகைப்படுத்துகிறேன். ஒரு ஓரம்தான்.)

2

கதையாக எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. தொடக்கங்கள் இவை:

'சி.என்.சி. ரூட்டர் என்பது கம்ப்யூட்டர் காட்டுகிற வழியில் தானே நகர்ந்து மரத்தை வெட்டும் ஒரு' (பள்ளிக்கூடப் பாடம். வேண்டாம்.)

'ஒரு ஆபரேட்டர் இருந்தான். அவனுக்குக் காது' (யார் அந்த அவன்? நல்ல ஆளைப் பிடித்தேன் பழி போட.)

'நான்கு மாதமாக எனக்குக்'

இதை அடிக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை. அப்படியே கிடக்கட்டும்.

3

வழவழப்புக்குப் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. முதல் சுற்றில் எழுத்தைச் சுற்றி ஒரு மயிரிழை மிச்சம் வைத்து வெட்ட வேண்டும். கடைசிச் சுற்றில் அந்த மயிரிழையை மட்டும், முழு ஆழத்துக்கும், ஒரே ஓட்டமாகச் சீவி எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால், நின்ற இடத்தில் மரம் கருகித் தழும்பு விழும். வெட்டுகிற பிட் மழுங்கிப்போனால் விளிம்பெல்லாம் பிசிறு. மழுங்கியதைக் காதுதான் முதலில் சொல்லும்: கனத்த இரைச்சலுக்கு மேலே ஊசி மாதிரி ஒரு கீச்சுச் சத்தம்.

எனக்கு இரைச்சல் கேட்கிறது. ஊசி கேட்பதில்லை.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: போனில் மனைவி 'சாப்பிட்டீங்களா' என்பது எனக்கு 'ஆப்பிட்டீங்களா' என்று விழுகிறது. மகள் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிறாள். எல்லாவற்றுக்கும் 'சரிம்மா' என்கிறேன். போன வாரம் ஏதோ பெரிய விஷயத்துக்குச் சரி சொல்லியிருக்கிறேன் போல, வீட்டில் ஒரே சந்தோஷம். எதற்கு என்று கேட்கப் பயமாக இருக்கிறது. இங்கேயும் யாரோடும் உட்கார்ந்து பேசுவதில்லை. பேசினால் பதில் சொல்ல வேண்டும்.)

4

இனி மச்சான் வர வேண்டும். என் மனைவியின் அண்ணன். மெஷினுக்கு எதிர்ப்பக்கம் நின்று பலகை ஏற்றுவதும், வெட்டிய எழுத்தை எடுத்து உப்புத்தாளால் தேய்ப்பதும் அவர் வேலை. அவரை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவன் நான். (பாத்திரமாக இவர் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பயப்பட வேண்டிய இடத்திலெல்லாம் சிரிக்கிறார். என்ன செய்ய, ஆள் அப்படித்தான்.)

போன வியாழக்கிழமை, ஒரு கடையின் பலகை. கடைசிச் சுற்று. வட்ட எழுத்து ஒன்றின் நடுத்துண்டு பிடி விட்டு ஆடத் தொடங்கியது. அது அவர் பக்கம்தான் தெரியும். கத்தினார். எனக்கு 'இறுக்கு' என்று கேட்டது. தலையாட்டிவிட்டு, பலகையைப் பிடித்திருந்த கிளாம்ப்பை என் பக்கத்தில் இறுக்கினேன்.

அவர் கத்தியது 'நிறுத்து'.

சிவப்புப் பொத்தான் என் இடது கையிலிருந்து ஒரு சாண்.

துண்டு தெறித்தது. வியர்வையில் மங்கிப்போன பாதுகாப்புக் கண்ணாடியை அவர் நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். துண்டு அதில் பட்டு அதைப் பிளந்தது. இரண்டு விரல்கடை கீழே, வலது கண்.

"என்ன மாப்ள, நிறுத்து நிறுத்துன்னு தொண்ட கிழியக் கத்துறேன், நீ பாட்டுக்கு இறுக்கிக்கிட்டு நிக்கிற?"

"சத்தத்துல கேக்கல மச்சான்."

"எப்படிக் கேக்கும்? என் தங்கச்சி கத்திக் கத்திப் பழக்குன காதாச்சே." உடைந்த கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "போனது மூணாவது கண்ணுதான். மத்த ரெண்டும் இருக்கு, விடு."

சத்தத்தில் கேட்கவில்லை என்பது உண்மை. பொய்யைச் சுற்றி வைக்க அதைவிட நல்ல காகிதம் கிடைக்காது.

5

முடிவுகள்.

முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன். நல்ல மனுஷன், வருத்தப்பட்டுக்கொண்டே ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறார். வீட்டு வாசலில் மகள் ஏதோ கேட்கிறாள். 'சரிம்மா' என்கிறேன்.

அல்லது, சொல்லவில்லை. மனைவி போன் செய்கிறாள். அன்றைக்கு மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்கிறது. 'எங்க அண்ணன் கண்ணு

(மாட்டேன். இதைத் தொடர மாட்டேன்.)

நேற்று மச்சானின் மேசைக்கு அடியில் ஒரு சாக்கு முழுக்க உப்புத்தாள் பார்த்தேன். எல்லாம் தேய்ந்து வழுக்கையானவை.

"எதுக்கு மச்சான் இத்தன தாள்?"

கேள்வி முடிவதற்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். விரல் நுனிகள் சிவந்து தோலுரிந்திருந்ததை அதற்குள் பார்த்துவிட்டேன். முகத்தை எனக்கு நேராகத் திருப்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "இந்த வருஷம் மரமே சரியில்ல மாப்ள."

முதலாளி புகழ்ந்த வழவழப்பு யாருடையது என்று அப்போதுதான் புரிந்தது. நான்கு மாதமாக என் பிசிறையெல்லாம் ஒருவர் ஓசையில்லாமல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிட் மழுங்கினால் அவருக்குக் கேட்கும். எனக்குக் கேட்கவில்லை என்பதும் தெரிந்திருக்குமோ? தெரிந்திருந்தால் வியாழக்கிழமை ஏன் கத்தினார்? கண்ணெதிரே துண்டு ஆடும்போது யாராயிருந்தாலும் கத்தத்தானே செய்வார்கள்.

6

இந்தப் பகுதியை, நடப்பதற்கு முன்பே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தாள்கள் என் கையில் இருக்காது.

முதலில் வாசகரே என்று கூப்பிட்டது உங்களைத்தான் மச்சான். 'கதையா? ரெண்டு வரி படிச்சா எனக்குத் தூக்கம் வந்துரும்' என்பீர்கள். தெரியும். வாயைத் திறந்து சொல்லத் தைரியம் இல்லாததால்தான் நம்பர் போட்டு, அடைப்புக்குறி போட்டு இத்தனை சுற்று சுற்றி வந்தேன். இதை உங்கள் உப்புத்தாள் கட்டின் மேல் வைத்துவிட்டு என் இடத்துக்குப் போய்விடுவேன்.

ஒரு மணிக்கு அதே பலகையைத் திரும்ப வெட்ட வேண்டும். அதே வட்ட எழுத்து. உங்களுக்குப் புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. என் விரல் பச்சைப் பொத்தான் மேல் இருக்கும். நீங்கள் குனிந்து நிற்பது தெரியும். படிக்கிறீர்களா, இதை மடித்து மேசைத் தூசி துடைக்கிறீர்களா என்று அங்கிருந்து தெரியாது. நிமிர்வீர்கள். வாய் அசையும். என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

சுவருக்கான பக்கத்தில் முதல் வரியை அடித்து மாற்றிவிட்டேன். 'ஒன்று: கத்தாதீர்கள். கையைத் தூக்குங்கள்.'

அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. மச்சான், இதுவரைக்கும் படிச்சிருந்தா, கையத் தூக்குங்க.