வளர்பிறை வாயு

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு பெட்டி இருந்தது. பார்த்தால் மீன் வியாபாரியின் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். தலையில் இரண்டு கண்ணாடிகள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவை சூரியனை விட்டு முகத்தைத் திருப்பாது. பெட்டிக்குக் காவல், கண்ணாடி துடைப்பது, மழை வந்தால் தார்ப்பாய் போடுவது எல்லாம் லாரன்ஸ். முப்பத்திரண்டு வயசு. ஆராய்ச்சிப் படிப்பை ஆறாவது வருஷத்தில் விட்டுவிட்டு வந்தவன். ஊர் ஜனம் அவனை சோலார் கம்பெனி ஆள் என்று நினைத்தது. வாரத்துக்கு இரண்டு பேராவது படியேறி வந்து மானியம் எப்போது வரும் என்று கேட்டார்கள். முதல் மாதம் விளக்கினான். அப்புறம் "மனு போட்டிருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

பெட்டி செய்தது இதுதான். சூரிய வெளிச்சம் காற்றுக்குள் நுழைந்து கீழே வரும் வழியில், காற்றிலிருக்கும் ஒவ்வொரு வாயுவும் அந்த வெளிச்சத்தில் தனக்கு வேண்டியதை மட்டும் கடித்துக்கொள்ளும். கடித்த இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் விழும். ஒரு வாயுவின் கோடுகள் மாதிரி இன்னொரு வாயுவுக்கு இருக்காது. கோடு விழுந்த இடத்தை மூன்றாவது தசம இடம் வரைக்கும் அளந்துவிட்டால், கடித்தது யார் என்று ஆளைக் காட்டிவிடலாம். அளந்ததைச் சென்னையிலிருந்த பேராசிரியர் கோதண்டபாணிக்கு அனுப்புவதற்குத்தான் லாரன்ஸுக்குச் சம்பளம்.

அவன் படித்ததும் இதே சங்கதிதான், ஆனால் பெட்டி இல்லாமல். அக்ரோலின் என்று ஒரு வாயு. எட்டே எட்டு அணு. அந்த எட்டும் எப்படித் துடிக்கும், எப்படிச் சுழலும், அப்போது எந்தெந்த இடத்தில் கோடு விழும் என்று குவாண்டம் வேதியியலை வைத்துக் கணினியில் ஆறு வருஷம் கணக்குப் போட்டான். நாலாயிரத்துச் சொச்சம் கோடுகள். அதில் பாதிக்கு மேல் இதுவரை யாரும் அளந்து பார்க்காதவை. சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லை. உதவித்தொகை நின்றது. அவனும் நின்றுவிட்டான். அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்பதை ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரே வரியில் முடித்திருந்தான்: 'காட்டுத் தீ, வாகனப் புகை மற்றும் பல'. அந்த வரியும் வேறொருவர் முன்னுரையிலிருந்து எடுத்ததுதான்.

மாசி முதல் வாரக் கடைசியில், அதுவரை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எடுத்த பதிவுகளைப் புரட்டியபோது, அடையாளம் தெரியாத கோடுகள் அகப்பட்டன. இருநூற்றுப் பதினாலு. லாரன்ஸ் அவற்றைத் தன் பழைய பட்டியலோடு ஒப்பிட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு பொருந்தியது. அவன் கையில் இருந்த வடையைக் கீழே வைத்துவிட்டு, பேராசிரியருக்குப் போன் போட்டான்.

பேராசிரியர் போனிலேயே கத்தினார். "லாரன்ஸ், இது மட்டும் நிலைச்சுதுன்னா உன்னை மறுபடியும் சேர்த்து நானே பட்டம் வாங்கித் தர்றேன். கட்டுரைல உன் பேர்தான் முதல்ல. ஆனா இவ்வளவு அக்ரோலின் அங்க எப்படி? தீ கீ பிடிச்சிருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப தேதியெல்லாம் அனுப்பு."

நாற்பத்தேழு நாளில் பதினாலு நாள் வாயு வந்திருந்தது. தேதிகளை வரைபடத்தில் போட்ட பேராசிரியருக்கு மூச்சு முட்டியது. ஒரு நாளைத் தவிர மற்றதெல்லாம் வளர்பிறை. மார்கழியில் சுத்தமாக ஒன்றுமில்லை. அவர் இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்தவர், அங்கேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர். அவருக்கு வளர்பிறை என்றால் நிலவின் ஈர்ப்பு மட்டும்தான். ஈர்ப்பில் செஞ்சி மலைப் பாறைகளின் இடுக்குகள் லேசாக விரிகின்றன, உள்ளே அடைபட்டிருக்கும் வாயு வெளியே வருகிறது, பாறை மூச்சு விடுகிறது என்று எட்டே நாளில் கட்டுரை எழுதிவிட்டார். மார்கழியில் ஏன் வரவில்லை? குளிர். திங்கட்கிழமை அனுப்புவதாகவும், அதற்கு முந்தின நாள் தானே நேரில் வந்து பாறை மூச்சு விடுவதைப் பார்ப்பதாகவும் சொன்னார்.

ஞாயிறுக்கு இரண்டு நாள் இருக்கும்போது லாரன்ஸ் மண்டபத்து மேனேஜர் விநாயகத்தின் அறைக்குப் போனான். பெட்டிக்கு வரும் கரண்ட் அடிக்கடி தாழ்ந்தது. புகார் சொல்லப் போனவனின் கண், மேஜைமேல் விரித்திருந்த முன்பதிவு நோட்டில் விழுந்தது. தை மூன்று. ஏழு. எட்டு. பதினொன்று. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த தேதிகள்.

"இன்னா தம்பி, மூஞ்சி இப்டிப் போவுது?" என்றார் விநாயகம். "ஹால் வேணுமா? இப்ப வந்து கேட்டா எப்டி, வளர்பிறை முகூர்த்தம் எல்லாம் ஆவணி வரைக்கும் ஃபுல்லு."

"எனக்கு வளர்பிறை வேணாண்ணா. நாங்க சர்ச்சுல பாக்கறவங்க."

இதுதான் அவன் கண்ணை மறைத்திருந்தது. அவன் வீட்டுக் கல்யாணங்கள் சாமியார் சொன்ன தேதியில் நடந்தன. பிறையை யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. அதைவிடக் கேவலம், கல்யாணம் இருந்த நாளெல்லாம் அவன் காலைச் சாப்பாடு கீழே பந்தியில்தான். நாற்பத்தேழு நாள் குறிப்பேட்டில் பதினாலு பக்கம் மட்டும் எண்ணெய்க் கறை. 'மற்றும் பல' என்பதற்குள் எது இருந்தது என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்தால் கண்ணைக் கரிக்கும் புகை வருமே, அதுதான் அக்ரோலின். சமையலறைப் புகைக்குழாய் மாடியின் கிழக்கு மூலையில் முடிகிறது. காலைச் சூரியனைப் பார்க்கும் பெட்டி, அந்தக் குழாய்க்கு மேலேதான் பார்க்கிறது.

ஆனால் இரண்டு நாள் இடித்தது. மாசி மூன்றாம் தேதி கல்யாணம் இருந்தது, வாயு இல்லை. தேய்பிறையில் ஒரு செவ்வாய்க்கிழமை கல்யாணம் இல்லை, வாயு இருந்தது. லாரன்ஸுக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பியது. பாறைக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. சமையலறைக்கு ஓடினான்.

தலைமைச் சமையல் ரத்தினம்மாள். அறுநூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு அறுநூறு பேரையும் திட்டுவதற்குத் தெம்பு மிச்சம் வைத்திருப்பவள்.

"செவ்வாக்கெழமையா? அன்னிக்குக் கட்சிக்காரனுங்க மீட்டிங்குடா. எண்ணூறு போண்டா. தின்னுட்டு ஒருத்தனும் பேசறவன் பேச்சைக் கேக்கல."

"மாசி மூணு?"

"அது மேல்சித்தாமூர் நைனார் வூட்டுக் கல்யாணம். ஜைனருங்க, சுத்தம் பாக்கறவங்க. அந்த வூட்டுப் பெரியவர் சீல் ஒடைக்காத டின்னைக் கொண்டாந்து, சட்டிக்குப் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துக்கினாரு. ஒரு சொட்டு பழசைத் தொட வுடல."

"அப்ப மத்த நாளெல்லாம் பழசா அக்கா?"

ரத்தினம்மாள் கரண்டியை நிறுத்தினாள். "ஏன் கேக்கற?"

"மாடில பொட்டி சொல்லுது."

"பொட்டி சூரியனத்தானே பாக்குது?"

"சூரியனத்தான். நடுவுல உன் சட்டி வந்துடுது."

அவள் கரண்டியை அவன் பக்கம் நீட்டினாள். "தம்பி, என் பேரு வெளிய வந்துச்சுன்னு வையி, அதே எண்ணெய்ல உன்னைப் போட்டு எடுப்பேன்."

லாரன்ஸ் மாடிக்குப் போய் யோசித்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் கிடைக்கும். பொய் சொல்வது அவனுக்குப் பெரிய தொந்தரவாக இல்லை. பொய் கண்டுபிடிக்கப்படும் விதம்தான் தொந்தரவாக இருந்தது. என்றைக்காவது ஒருவன் இங்கே வந்து, மோந்து பார்த்துவிட்டு, உலகத்துக்குச் சொல்வான். கோடு அளக்கிற கூட்டம் மிகச் சின்னது. அதில் சாகும்வரை அவன் வடைக்காரன். ஆறு வருஷத்துக் கணக்கு சரி என்பதும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து போய்விடும். பேராசிரியருக்குப் போன் செய்தான். "சார், ஒரு விஷயம்..." என்பதற்குள் அவர், "நிலவோட தூரத்தையும் சேர்த்துட்டேன், இன்னும் அழகாப் பொருந்துது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தம். பேராசிரியர் எட்டு மணிக்கே வந்தார். மண்டபத்து வாசலில் பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்துப் பன்னீர் தெளித்து முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். மறுக்க மறுக்க மூன்று வடை. ஒன்பது மணிக்கு மாடியேறி, திரையில் கோடுகள் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, ராஜகிரிக் கோட்டை இருக்கும் திசைக்குக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"நீ என்னடா உம்முனு இருக்க?"

"சார், இது பாறையில்ல. கீழ வடை."

பேராசிரியர் சிரித்தார். லாரன்ஸ் நோட்டுத் தேதிகளைக் காட்டினான். சிரிப்பு நின்றது. "தேதி பொருந்துறது ஆதாரம் ஆகாது. நிலாவும்தான் பொருந்துது."

"நிலாவ நிறுத்த முடியாது சார். வடைய நிறுத்தலாம். இங்கயே பாத்துக்கினு இருங்க."

சமையலறையில் ரத்தினம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "ரெண்டாவது பந்தி உக்காந்துருக்குது. அடுப்ப அணைக்கணுமா? உனக்கு மூளை கீளை இருக்குதா?"

"பத்து நிமிசம் அக்கா. அணைச்சா நான் வடைன்னு மட்டும் சொல்லுவேன். இல்லன்னா எண்ணெய் வரைக்கும் சொல்லித்தான் நிரூபிக்கணும்."

"சர்ச்சுல இதான் சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

நாலாவது நிமிஷம் போன் வந்தது. "லாரன்ஸ், கோடு மங்குதுடா! மேகமும் இல்ல!" ஆறாவது நிமிஷம் பந்தியிலிருந்து சத்தம் வந்தது. இலையில் வடை இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன், வெள்ளைச் சட்டைக்குள் அடங்காத ஆள், "எங்களுக்கு மட்டும் தீந்து போச்சா? மொத பந்தில யாரோ கண்ணாடி போட்ட ஆளுக்கு மூணு வெச்சாங்களே, எங்க வூட்டு ஆளா அவன்?" என்றார். எட்டாவது நிமிஷம் அவர் இலையிலிருந்து எழுந்தே விட்டார். அவர் எழுந்ததும் பின்னாலேயே பதினோரு பேர் எழுந்தார்கள். பெண்ணின் அப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார். விநாயகம் சமையலறைக்குள் பாய்ந்து வந்து, "யாரு அடுப்ப அணைச்சது?" என்று அலறினார். ரத்தினம்மாள் அடுப்பை மூட்டினாள். சட்டி பொரிய ஆரம்பித்தது. போனில் பேராசிரியர், "ஏறுது" என்றார். குரலில் ஜீவன் இல்லை.

அடுத்த நிமிஷம் அவரே கீழே வந்து நின்றார். நிலா போன துக்கத்தில் இருந்தாலும் மனுஷன் விஞ்ஞானி. "ஒரு தடவைன்னா தற்செயல். இன்னும் ரெண்டு தடவை நிறுத்திக் காட்டு."

"இன்னும் ரெண்டு தபாவா?" என்றாள் ரத்தினம்மாள். "யோவ், இந்தக் கல்யாணம் நடக்கணுமா வேணாமா? அந்த ஆளு தாலியக் கையோட எடுத்துக்கினு போய்டுவான்!"

பந்தியில் தாய்மாமனைத் தோளைப் பிடித்து மறுபடியும் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். லாரன்ஸுக்கு வேறு வழி தெரியவில்லை. "சார், வடைய நிறுத்த வேணாம். எண்ணெய மாத்தினாப் போதும்."

சொல்லிவிட்டுத்தான் ரத்தினம்மாளைப் பார்த்தான். அவள் அவனை விழுங்குகிற மாதிரி பார்த்தாள். பிறகு பந்தியை எட்டிப் பார்த்தாள். வடை வராவிட்டால் போவது கல்யாணம், எண்ணெய் தெரிந்தால் போவது பேர். வாய்க்குள் ஏதோ முனகிவிட்டு, பக்கத்து அடுப்பில் வேறு சட்டியை ஏற்றி, மூலையில் இருந்த புது டின்னை உடைத்து ஊற்றினாள். வடை நிற்காமல் போனது. தாய்மாமன் இலையில் ஐந்து விழுந்தது. பெட்டியோடு இணைத்திருந்த பேராசிரியரின் போன் திரையில் கோடுகள் மங்கி, மங்கி, இல்லாமலே போயின. பழைய சட்டிக்கு மாறினால் கறுத்தன. புதிதில் மங்கின. மறுபடியும் பழையதில் கறுத்தன.

பேராசிரியர் பழைய சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தார் மாதிரி இருந்தது. "காலைல நான் சாப்பிட்டது..."

"இதுலதான்" என்றாள் ரத்தினம்மாள். "நல்லாருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்தது" என்று ஒப்புக்கொண்டார்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து அவர் கட்டுரையைப் போனிலிருந்து அழித்தார். அழிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். லாரன்ஸ் பக்கத்தில் நின்றான். பட்டமும் அதோடு சேர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக நினைத்தான்.

"இருநூத்திப் பன்னெண்டு கோடு பொருந்துச்சுன்ன இல்ல?" என்றார் பேராசிரியர்.

"ஆமா சார்."

"வித்தியாசம் எவ்வளவு?"

"மூணாவது தசமத்துல ரெண்டு."

"அப்ப பாறை என்னோட முட்டாள்தனம். கோடு உன்னோட கணக்கு. கணக்கு சரி. எண்ணெயிலேருந்து வந்தா அக்ரோலின் அக்ரோலின் இல்லாம போயிடுமா?" எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். "ஆடில வந்து சேந்துக்க. பெட்டிய இங்கேருந்து எடுத்துடு, வேற எடம் பாக்கலாம். ஆனா ஆய்வேட்டுல ஒரு அட்டவணை வேணும். எண்ணெய் எத்தனை தடவை காஞ்சிருக்கு, அதுக்கு எவ்வளவு வாயு. அது இல்லாம எந்தத் தேர்வாளனும் உன்னை விடமாட்டான். இப்பவே கேட்டு எழுதிக்க."

லாரன்ஸ் குறிப்பேட்டோடு சமையலறைக்குத் திரும்பினான். பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தினம்மாள் பழைய சட்டியில் சாயங்காலத்துக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பேரு போட மாட்டேன். ஊரு போட மாட்டேன். படிப்பு விஷயம். இந்த எண்ணெய் இதோட எத்தினியாவது தபா?"

"ரெண்டாவது."

"பொட்டி நம்பாது அக்கா."

"அப்ப மூணுன்னு எழுதிக்க."

லாரன்ஸ் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி நின்றான். அப்பளம் ஒன்று கருகியது. ரத்தினம்மாள் வாசலைப் பார்த்தாள், விநாயகம் இல்லை. பேராசிரியரும் படியில்தான் இருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. விரலைக் காட்டுவதற்காகக் கையிலிருந்த கண்கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையும் தேவைப்பட்டது.