ரிஜெக்ட்டுக்கு ஏரோ கிடையாது

அத்தையின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணி தேடி மெர்சி அலமாரியைத் திறந்தாள். கதவு வழக்கம்போல ஒரு பக்கமாகச் சரிந்தது. கீல் இருந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டியிருந்தது. நேற்றுக் காலையில் அது இல்லை.

"அப்பா, இத எப்ப ஒட்டுச்சு அத்த?"

தானியேல் எட்டிப் பார்த்தார். "நேத்து சாயந்திரமா இருக்கும். ஸ்க்ரூ வாங்கியாரேன் வாங்கியாரேன்னு நானும் சொல்லிக்கினே..." துணியை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

எஸ்தர் அத்தை தானியேலின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் செக்கிங் டேபிளில் ஓய்வு பெறும்வரை நின்றவர். தையல் விலகிய இடம், பசை வழிந்த இடம் பார்த்து குட்டி அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஷூவைத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. ஓய்வு பெற்ற அன்று கம்பெனி கொடுத்த சுவர்க் கடிகாரத்தோடு ஒரு சுருள் 'ஏரோ'வும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒழுகும் குழாய், பித்தான் போன சட்டை, உப்புக் குறைந்த குழம்புச் சட்டி எதுவும் தப்பவில்லை. யார் சரி செய்கிறார்களோ அவர்தான் அம்பை உரிக்க வேண்டும்.

கொஞ்ச நாளாக மெர்சியின் கட்டுரைகளிலும் அம்பு விழுந்தது. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவள் விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். மதிப்பெண் மட்டும் போதாதாம். கேள்வி கேள்வியாகக் கொடுத்துக் குட்டிக் கட்டுரைகள் எழுதச் சொன்னார்கள். முதலில் தமிழில் எழுதி அத்தைக்குப் படித்துக் காட்டுவாள். பிறகுதான் இங்கிலீஷ். எல்லாம் அனுப்பியாயிற்று. கடைசிக் கட்டுரை ஒன்றுதான் பாக்கி. அது இன்று மாலைக்குள் போனால்தான் உதவித்தொகை. உதவித்தொகை இல்லாவிட்டால் அந்தப் படிப்பே இல்லை.

கையில் இரண்டு கட்டுரைகள் இருந்தன. ஒன்று பாலாற்றைப் பற்றி. இன்னொன்று அத்தையைப் பற்றி. பெங்களூரிலிருந்து இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் சௌமியா அக்கா எழுதியிருந்தாள்: 'பாலாறு கம்பீரமா இருக்கு. அத்தையும் அழகுதான். ஆனா அதுல அத்தை ஜாஸ்தி, மெர்சி கம்மி. முடிவு உன்னோடது.'

முடிவெடுப்பதற்குள் விடிந்துவிட்டது. அத்தை தூக்கத்திலேயே போயிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"மெர்சி, நீதான் கட்டுரை எழுதற பொண்ணாச்சே" என்றபடி வந்தார் மாதனூர் ஆல்வின் மாமா. "மத்தியானம் சர்ச்ல பாஸ்டர் படிக்க அத்தையோட வாழ்க்கைச் சுருக்கம் ஒண்ணு எழுதிக் குடு. ஒரு பக்கம். பொறந்தது, ஞானஸ்நானம், வேல, கர்த்தருக்குள் நித்திரை. முடிஞ்சுது."

மெர்சி போனை எடுத்துக்கொண்டு ஃப்ரீசர் பெட்டியின் அருகில் உட்கார்ந்தாள். அவள் எழுத எழுத, ஆளுக்கு ஒரு திருத்தம் வந்தது.

"சாந்த குணம் உள்ளவர்னு போடு" என்றாள் அம்மா.

டீ ஊற்றிக்கொண்டிருந்த ஃபிர்தௌஸுக்குக் கை நின்றது. செக்கிங் டேபிளில் அத்தைக்குப் பக்கத்தில் நின்றவள், இப்போது பக்கத்து வீடு. "சாந்தமா? சூப்பர்வைசரு அவளப் பாத்தா பாத்ரூம் பக்கமா சுத்திக்கினு போவாரு."

"சபைக் கட்டடத்துக்கு நான் சிமென்ட் குடுத்தது..." என்றார் ஆல்வின் மாமா.

"யோவ், செத்தது எங்கக்காவா நீயா?" என்றார் தானியேல். அன்று அவர் முகம் இளகியது அப்போதுதான்.

எல்லோருடைய திருத்தமும் ஏறிய பிறகு படித்துப் பார்த்தாள். சாந்தம், பக்தி, உழைப்பு. யாருடைய பெட்டிமேல் வைத்துப் படித்தாலும் பொருந்தும். 'அத்தை' என்று பெயரிட்டு அப்பாவின் போனுக்கு அனுப்பினாள். அவர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, மடித்து, பிரித்துப் பார்க்காமலே பாஸ்டர் கையில் கொடுத்தார்.

சர்ச்சில் பாட்டு முடிந்ததும் பாஸ்டர் காகிதத்தைப் பிரித்தார்.

"'எங்கள் வளாகத்துக்கு நீ எதைக் கொண்டுவருவாய்?' என்று ஒரு பல்கலைக்கழகம் என்னைக் கேட்டிருக்கிறது."

மெர்சி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். போன வாரம் அத்தைக்குப் படித்துக் காட்ட, பிரின்ட் எடுக்கச் சொல்லி அப்பாவுக்கு அனுப்பிய தமிழ்க் கட்டுரை அது. அதற்கும் 'அத்தை' என்றுதான் பெயர் வைத்திருந்தாள்.

பாஸ்டர் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை சபையைப் பார்த்தார். காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வேறு ஒன்றும் இல்லை. தொடர்ந்தார்.

"'என் அத்தை எஸ்தரிடம் கேட்டேன். இன்னாடி கேள்வி இது? பக்கெட்டு, போர்வ, பூண்டு ஊறுகா. எழுதிப் போடு, என்கிறார்.'"

பின்வரிசையில் ஃபிர்தௌஸின் சிரிப்பு வெடித்தது. அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொள்வதற்குள் கம்பெனிப் பெண்கள் வரிசை முழுக்கக் குலுங்கியது. எழுந்துவிட்ட மெர்சியின் கையை அம்மா பிடித்து உட்காரவைத்தாள்.

"'மறுநாளே நீல பக்கெட் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. கடைக்காரர் எடுத்துக் காட்டியதையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, அவரை அழவைத்து வாங்கியது. அத்தை என் கட்டுரைகளிலும் அம்பு ஒட்டுகிறார். அவற்றில் பாதி தப்பு. ஒரு அம்பு, நான் படிக்கும்போது மிக்ஸி ஓடியதால் விழுந்தது. ஒருநாள் கோபத்தில், எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிடு, என்று கத்தினேன். அத்தை சொன்னார்: ரிஜெக்ட்டுக்கு ஏரோ கெடையாதுடி. அத அப்பிடியே கூடைல போட்டுருவோம். சரி பண்ணிக்கலாம்னு இருக்கறதுக்குத்தான் ஏரோ.'"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டரின் குரல் மெதுவானது. ஒட்டுகிறார், என்கிறார் என்று நிகழ்காலத்திலேயே அவர் படித்துக்கொண்டு போனார். பெட்டிக்குள் அத்தை, கேட்டுக்கொண்டு படுத்திருப்பவர்போல இருந்தார்.

"'ஆகவே நான் ஒரு நீல பக்கெட் கொண்டுவருவேன். ஒரு சுருள் அம்பும் கொண்டுவருவேன். அடுத்தவர் வேலையில் ஒட்டுவேன். என் வேலையில் அவர்கள் ஒட்டினால், கொஞ்சம் கத்திவிட்டு, சரி செய்வேன்.'"

பாஸ்டர் காகிதத்தை மடித்தார். "ஜெபிப்போம்" என்றார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது தெருமுனையில் ஃபிர்தௌஸ் மெர்சியின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "கரெக்டா எழுதினடி. அவ இருந்தா மிக்ஸி விஷயத்துக்கு ஒரு ஏரோ ஒட்டியிருப்பா." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் கைகால் கழுவத் தண்ணீர் வைத்திருந்தார்கள். அவசரத்தில் யாரோ நீல பக்கெட்டைத்தான் எடுத்து வைத்திருந்தார்கள். அம்மா பதறிப்போய், "ஐயோ, அது அவ ஹாஸ்டலுக்கு!" என்று தண்ணீரை அண்டாவில் ஊற்றிவிட்டு, பக்கெட்டை முந்தானையால் துடைத்து உள்ளே கொண்டுபோனாள்.

"அடுத்த தடவ பேரு மாத்தி வெய்யி, கண்ணு" என்றார் தானியேல். "நான் இன்னாத்த கண்டேன். ரெண்டுலயும் அத்தன்னுதான் போட்ருந்துது."

"பரவால்லப்பா."

உள்ளே போய் போனைத் திறந்தாள். சௌமியாவின் செய்தி வந்திருந்தது: 'இப்பதான் கேள்விப்பட்டேன் மெர்சி. முடியலைன்னா அவகாசம் கேட்டு நான் அவங்களுக்கு எழுதறேன்.'

'வேணாம்க்கா. அத்தையையே அனுப்பறேன். சர்ச்ல எல்லாரும் கேட்டுட்டாங்க' என்று பதில் போட்டாள். இங்கிலீஷ் கட்டுரையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். எங்கும் நாக்கு தடுக்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

தலை நிமிர்ந்தபோது அலமாரியின் முன்னால் அப்பா குந்தியிருந்தார். வரும் வழியில் ஸ்க்ரூ வாங்கியிருக்கிறார். கீலை முடுக்கி, கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சரியவில்லை. அம்பின் ஒரு ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினார்.

பிறகு கட்டைவிரலால் அதை அழுத்தி, பழையபடியே ஒட்டினார்.